ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் நிலை சென்சார்: கழற்றுவது, மாற்றுவது, நியூட்ரலில் சரியாக நிறுத்துவது

ஆட்டோமேட்டிக் காரில் லீவரை பார்க்கில் வைத்துச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றவில்லை. நியூட்ரலுக்குத் தள்ளினால் உடனே சுற்றுகிறது. அல்லது ரிவர்ஸ் போட்டும் பின்னால் வெள்ளை விளக்கு எரியவில்லை. டேஷ்போர்டில் கியர் எழுத்து தெரிய வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டு, கிளம்பும்போது திணறுகிறது. இவை யாவும் கியர்பாக்ஸின் நிலை சென்சாரைச் சந்தேகிக்க வைக்கும் அறிகுறிகள். கண்டதும் புதிய சென்சார் ஒன்றை வாங்கி மாட்டிவிடுவதுதான் பரவலான வழக்கம். ஆனால் நல்ல நிலையில் உள்ள சென்சார் சற்று இடம் பிசகியிருந்தாலும், அதை இயக்கும் கேபிள் தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறிகள் வரும். ஆகவே கழற்றி மாட்டும் வேலையைவிட, எதை எந்த வரிசையில் சோதிப்பது என்பதிலும், பொருத்திய சென்சாரைத் துல்லியமாக நிறுத்துவதிலும்தான் கூடுதல் கவனம் தேவை.

சென்சார் எதைப் படிக்கிறது

இது பல பெயர்களில் விற்கப்படுகிறது: நியூட்ரல் சேஃப்டி ஸ்விட்ச், இன்ஹிபிட்டர் ஸ்விட்ச், பார்க் நியூட்ரல் பொசிஷன் ஸ்விட்ச், டிரான்ஸ்மிஷன் ரேஞ்ச் சென்சார். உதிரிபாகம் கேட்கும்போது இவற்றில் எந்தப் பெயரைச் சொன்னாலும் பெரும்பாலும் ஒரே பொருள்தான் வந்து சேரும்.

கியர்பாக்ஸின் பக்கவாட்டிலிருந்தோ மேற்புறத்திலிருந்தோ ஒரு சிறு தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இருக்கைக்கு அருகில் உள்ள லீவரை நகர்த்தும்போது கேபிள் வழியாக இந்தத் தண்டுதான் திரும்புகிறது. தண்டின் உள்முனை, எண்ணெய் அழுத்தத்தைத் திசைதிருப்பும் வால்வை நகர்த்துகிறது. பார்க்கில் சக்கரங்களைப் பூட்டும் கொக்கியையும் அதுவே இயக்குகிறது. உள்ளே இருக்கும் பல்வெட்டுத் தகடும், அதன்மேல் அழுந்தி நிற்கும் ஸ்பிரிங் உருளையும் தண்டை ஒவ்வொரு நிலையிலும் பிடித்து நிறுத்துகின்றன. நிலை சென்சார் இந்தத் தண்டின் வெளிப்பகுதியில் கோத்து, இரண்டு அல்லது மூன்று போல்ட்டுகளால் கியர்பாக்ஸ் உடலோடு இறுக்கப்பட்டிருக்கும்.

இதில் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்று உண்டு. சென்சார் அறிவிப்பது தண்டின் நிலையை மட்டுமே. ஓட்டுநரின் கையில் உள்ள லீவர் எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. கேபிள் தளர்ந்த வண்டியில் லீவர் பார்க்கில் நின்றாலும் தண்டு பார்க்குக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில் நிற்கக்கூடும். அப்போது ஸ்டார்ட்டரைத் தடுப்பதன் மூலம் சென்சார் தன் கடமையைத்தான் செய்கிறது. கேபிளைத் தொடாமல், பார்க்கில் ஸ்டார்ட் ஆகும்வரை சென்சாரைத் திருப்பி வைத்துவிட்டால், எஞ்சின் ஓடும், டேஷ்போர்டும் பார்க் என்றே காட்டும். ஆனால் பூட்டும் கொக்கி முழுமையாக விழுந்திருக்காது. சரிவில் நிறுத்திய வண்டி தானாக உருளுவதற்கு இந்த அரைகுறைத் திருத்தமே போதும். கேபிளின் பிழையைச் சென்சாரில் ஒருபோதும் சரிக்கட்டக் கூடாது என்ற விதி அதனால்தான்.

சென்சாரின் உட்புறமும் எல்லா வண்டிகளிலும் ஒன்றல்ல. பழைய வகைகளில் பித்தளைத் தொடுமுனைகள் ஒரு தகட்டின் மேல் வழுக்கிச் செல்லும். ஸ்டார்ட்டர் ரிலேக்குப் போகும் மின்சாரமும் ரிவர்ஸ் விளக்குக்குப் போகும் மின்சாரமும் நேரடியாக இதன் வழியே பாயும். 21 வாட் பல்புகள் இரண்டு எரிந்தால் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 3.5 ஆம்பியர் ஆகிறது. மற்ற தொடுமுனைகளைவிட ரிவர்ஸுக்கு உரியவை முதலில் கருகிப்போவதற்கு இந்தச் சுமையும் ஒரு காரணம். புதிய வகைகள் சிலவற்றில் நான்கு கம்பிகளில் மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்ற சேர்க்கையைக் கொண்டு வண்டியின் கணினி தண்டின் நிலையைக் கண்டறிகிறது. வேறு சிலவற்றில் காந்தப்புலத்தை உணரும் சில்லு இருக்கும். எந்த வகையானாலும் தண்ணீரும் எண்ணெயும் முதல் எதிரிகள். எஞ்சினை அழுத்த நீரால் கழுவிய மறுநாள் கோளாறு தோன்றினால் அதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

கழற்றும் முன் சோதிக்க வேண்டியவை

முதலில் பேட்டரி. எஞ்சின் ஓடாத நிலையில், நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டும். பட்டன் அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார்களில் பிரேக் மிதி ஸ்விட்ச்சும் இதே தொடரில் இருக்கிறது. பிரேக்கை மிதித்தும் பின்னால் சிவப்பு விளக்கு எரியவில்லை என்றால் கியர்பாக்ஸ் பக்கமே போக வேண்டியதில்லை.

அடுத்து, பிரேக்கை அழுத்தி மிதித்து, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்துக்கொண்டு, லீவரை பார்க்கில் வைத்தபடியே முன்னும் பின்னும் மெல்ல அசைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். அசைக்கும்போது மட்டும் ஸ்டார்ட்டர் சுற்றினால் பழுது மின்சாரத்தில் இருப்பதைவிட அமைப்புநிலையில் இருக்கவே வாய்ப்பு அதிகம்: கேபிள் தளர்ந்திருக்கலாம், கேபிள் முனையில் உள்ள பிளாஸ்டிக் புஷ் (உறை வளையம்) தேய்ந்திருக்கலாம், சென்சார் போல்ட் இளகியிருக்கலாம்.

வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் இருந்தால், கணினி பதிந்து வைத்த பிழைக் குறியீடுகளைப் படியுங்கள். நிலை சென்சாருக்குப் பொதுவாக உரியவை பி0705 (திரையில் P0705) முதல் பி0709 வரை. பி0705 என்பது சென்சார் மின்சுற்றில் பொதுவான பழுது. பி0706 சமிக்ஞை பொருந்தாத எல்லையில் இருப்பது. பி0707 சமிக்ஞை தாழ்வாகவும் பி0708 உயர்வாகவும் இருப்பது. பி0709 விட்டு விட்டு வருவது. குறியீட்டைவிடப் பயனுள்ளது நேரடித் தரவு. லீவரை ஒவ்வொரு நிலையாக மெதுவாக நகர்த்தி, திரையில் தெரியும் எழுத்து அதனோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எல்லா நிலைகளும் ஒரே பக்கமாகப் பிசகித் தெரிந்தால் அமைப்புப் பிழை. ஒரே ஒரு நிலை மட்டும் தொலைந்துபோனால் தொடுமுனைப் பழுது. இரண்டு நிலைகளுக்கு நடுவே கணநேரம் எழுத்து மறைவது பழுதல்ல.

பிறகு கேபிள். இந்தச் சோதனைக்கு முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிடுங்கள்; நியூட்ரலில் வண்டியைப் பிடித்து நிறுத்த கியர்பாக்ஸில் எதுவும் இல்லை. காருக்குள் லீவரை நியூட்ரலில் வைத்து, கியர்பாக்ஸ் முனையில் கேபிளைக் கழற்றுங்கள். தண்டில் உள்ள சிறு லீவரைக் கையால் பார்க் கோடி வரை தள்ளி, அங்கிருந்து இரண்டு படி திருப்புங்கள். முதல் படி ரிவர்ஸ், இரண்டாவது நியூட்ரல். எந்தக் கோடி பார்க் என்பதில் ஐயம் இருந்தால், கேபிளைக் கழற்றும் முன்பே உதவியாளர் ஒருவரை லீவரைப் பார்க்குக்குக் கொண்டுபோகச் சொல்லி, தண்டு திரும்பும் திசையைக் குறித்துக்கொள்ளலாம். இப்போது கேபிள் முனையை அதன் முளையில் வையுங்கள். இழுக்காமலும் தள்ளாமலும் தானாகவே உட்கார்ந்தால் கேபிள் சரி. உட்காரவில்லை என்றால் கேபிளின் அமைப்பு நட்டைத் தளர்த்தி, தொய்வை நீக்கி, இரு முனைகளும் நியூட்ரலில் இருக்கும்போதே இறுக்குங்கள். பல வண்டிகளில் வேலை இத்தோடு முடிந்துவிடும். சென்சார் வாங்கும் செலவு மிச்சம்.

கேபிள் சரியாக இருந்தும் கோளாறு தொடர்ந்தால், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, சென்சார் கனெக்டரைப் பிரியுங்கள். பின்களில் பச்சைக் களிம்போ சிவந்த எண்ணெயோ இருக்கிறதா என்று விளக்கொளியில் பாருங்கள். மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, உங்கள் மாடலின் வயரிங் படத்தில் ஸ்டார்ட்டருக்கு எனக் குறித்துள்ள இரு பின்களைத் தொடுங்கள். பார்க்கிலும் நியூட்ரலிலும் ஒலி வர வேண்டும். மற்ற எந்த நிலையிலும் வரக் கூடாது. ரிவர்ஸ் விளக்குக்கு உரிய பின்களில் ரிவர்ஸில் மட்டும் ஒலி வர வேண்டும். ஆனால் இந்தச் சோதனை தொடுமுனை வகைக்கே பொருந்தும். காந்த உணரி உள்ள சென்சாரின் பின்களுக்கு இடையே ஓம் அளந்து முடிவுக்கு வர முடியாது, அங்கே ஸ்கேனரின் நேரடித் தரவே வழி.

இன்னொரு எச்சரிக்கை. சில கியர்பாக்ஸ்களில் இந்தச் சென்சார் உள்ளே, வால்வுத் தொகுதியோடு சேர்ந்தோ மின்னணுத் தொகுதியின் பகுதியாகவோ இருக்கும். அதை மாற்ற எண்ணெயை வடித்து, அடித்தட்டையோ பக்க மூடியையோ கழற்ற வேண்டும். மாற்றிய பின் கணினிக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்கவும் வேண்டியிருக்கலாம். வீட்டு முற்றத்தில் செய்யத்தக்க வேலை அதுவல்ல. கீழே வரும் படிகள் வெளியில் பொருத்தப்படும் சென்சாருக்கு மட்டுமே உரியவை.

பழையதைக் கழற்றுதல்

எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் இழுத்து, கட்டைகளை வைத்து, லீவரை நியூட்ரலில் விடுங்கள். முன்சக்கர இழுவை கார்களில் சென்சார் பெரும்பாலும் ஏர் ஃபில்டர் பெட்டிக்கோ பேட்டரித் தட்டுக்கோ கீழே ஒளிந்திருக்கும். அவற்றை எடுத்த பிறகே தெளிவாகத் தெரியும். பின்சக்கர இழுவை வண்டிகளில் அடியிலிருந்துதான் எட்ட முடியும்; வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கக் கூடாது, உறுதியான ஸ்டாண்டுகள் வேண்டும்.

சென்சாரைச் சுற்றியுள்ள அழுக்கைத் தூரிகையால் துடைத்துவிட்டு, அதன் விளிம்பு கியர்பாக்ஸ் உடலில் எங்கே நிற்கிறது என்று பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். இந்தக் கோடு தோராயமான துணை மட்டுமே. பழைய சென்சாரே பிசகி நின்றிருந்தால் கோடும் அந்தப் பிழையைத்தான் சொல்லும். கனெக்டரைப் பூட்டும் நாக்கை அழுத்தியபடி நேராக இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். வெப்பத்தில் பல ஆண்டுகள் கிடந்த பிளாஸ்டிக் நாக்கு எளிதில் ஒடியும்.

அடுத்து, தண்டின் மேலுள்ள சிறு லீவரின் நட்டு. இந்த இடத்தில் பொறுமை வேண்டும். நட்டைத் தளர்த்தும்போது லீவரை ஒரு ஸ்பேனராலோ பிடி இடுக்கியாலோ அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காமல் திருகினால் அந்த விசை முழுவதும் தண்டின் வழியே உள்ளே இறங்கி, பல்வெட்டுத் தகட்டையும் அதோடு இணைந்த கம்பியையும் வளைக்கக்கூடும். ஒரு நட்டைக் கழற்றப் போய்க் கியர்பாக்ஸைத் திறக்கும் நிலை வந்துவிடும். டொயோட்டாவின் பல கியர்பாக்ஸ்களில் சிறு லீவருக்கு அடியில் இன்னொரு நட்டும், ஓரங்கள் மடக்கிய பூட்டு வாஷரும் இருக்கும். மடிப்புகளைச் சிறு ஸ்க்ரூடிரைவரால் நிமிர்த்திய பிறகே நட்டைத் திருக வேண்டும். அந்த வாஷரை மறுபடி பயன்படுத்தாமல் புதியது போடுவது நல்லது.

போல்ட்டுகளை எடுத்த பின் சென்சாரைத் தண்டுக்கு இணையாக நேராக இழுங்கள். துருப்பிடித்து வர மறுத்தால் துருநீக்கி எண்ணெய் விட்டுச் சற்றுக் காத்திருந்து, இருபுறமும் மாறி மாறி மெல்ல நெம்புங்கள். சென்சார் வந்ததும் எண்ணெய் கொட்டுமோ என்று அஞ்ச வேண்டாம். தண்டைச் சுற்றியுள்ள எண்ணெய் சீல் கியர்பாக்ஸ் உடலிலேயே இருக்கிறது. ஆனால் அந்த இடம் ஈரமாக இருந்தால் சீல் கசிகிறது என்று பொருள். அதையும் இப்போதே மாற்றிவிடுவது அறிவுடைமை. கசிவை விட்டுவைத்தால் புதிய சென்சாருக்குள்ளும் எண்ணெய் புகும்.

புதியதைப் பொருத்துதல்

தண்டின் மேல் உள்ள துருவையும் பிசிறுகளையும் மென்மையான எமரித் தாளால் தேய்த்து, துணியால் துடைத்தெடுங்கள். துகள்கள் சீல் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்டின் தட்டைப் பக்கங்களும் சென்சார் துளையின் தட்டைப் பக்கங்களும் நேர்ப்பட்டால் சென்சார் கைவிசையிலேயே இறங்கும். சுத்தியலால் தட்டினால் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் வளையம் விரிசல் விடும்.

புதிய சென்சார்கள் சில, நியூட்ரல் நிலையில் ஒரு முளையாலோ தகட்டாலோ பூட்டப்பட்டு வரும். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பொருத்தத் தொடங்குபவர்கள் உண்டு. அது போக்குவரத்துக்காக வைத்த பொருள் அல்ல, அளவுகோல். கியர்பாக்ஸ் தண்டு நியூட்ரலில் இருப்பதை மறுபடி உறுதிசெய்து, பூட்டு இருக்கும்போதே சென்சாரைப் பொருத்தி, போல்ட்டுகளை முழுமையாக இறுக்கிய பிறகுதான் அதை அகற்ற வேண்டும்.

பூட்டு இல்லாத சென்சாரை நிறுத்தும் முறை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். டொயோட்டாவில் சென்சார் உடலில் வரைந்த நியூட்ரல் கோட்டையும் தண்டோடு சுழலும் பகுதியில் உள்ள பள்ளத்தையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவர வேண்டும். ஹோண்டாவின் பல மாடல்களில் சுழலும் சட்டத்தின் வெட்டும் சென்சார் உடலின் வெட்டும் நேர்ப்படும்போது 2.0 மி.மீ. தடிமன் கொண்ட ஃபீலர் தகட்டை (இடைவெளி அளக்கும் உலோகத் தகடு) இரண்டிலும் நுழைத்துப் பிடித்துக்கொண்டு இறுக்குவார்கள். மிட்சுபிஷியின் பல கியர்பாக்ஸ்களில் சிறு லீவரின் துளையும் சென்சார் விளிம்பின் துளையும் ஒன்றன்மேல் ஒன்று நிற்க வேண்டும், 5 மி.மீ. கம்பி ஒன்று இரண்டிலும் தாராளமாக நுழைந்தால் நிலை சரி. நிஸானின் பல மாடல்களில் இதே வேலைக்கு 4 மி.மீ. கம்பி. ட்ரில் பிட்டின் மழுங்கிய அடிப்பகுதியே இதற்குப் போதுமானது. சரிந்து நுழையும் கம்பி தவறான நிலையைக் காட்டும் என்பதால், அதைச் செங்குத்தாகவே பிடிக்க வேண்டும்.

குறிகள் தெளிவாக இல்லாவிட்டாலும், கருவிகள் காட்டும் நிலையை உறுதிப்படுத்த விரும்பினாலும் மல்டிமீட்டர் முறை இருக்கிறது. தொடுமுனை வகைச் சென்சாரில் இதைவிட நம்பகமான வழி வேறில்லை என்றே சொல்லலாம். தண்டை நியூட்ரலில் வைத்து, சென்சார் போல்ட்டுகளை உடல் நகரும் அளவுக்கு மட்டும் தளர்த்தி, ஸ்டார்ட்டர் பின்களில் மீட்டரை மாட்டுங்கள். சென்சாரை ஒரு பக்கமாக மிக மெதுவாகத் திருப்பி, ஒலி நிற்கும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். பிறகு எதிர்ப்பக்கம் திருப்பி, மறுபடி ஒலி நிற்கும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரியாக நடுவில் சென்சாரை நிறுத்துங்கள். ஓரத்தில் நிறுத்தினால் இன்று வேலை செய்யும். கேபிள் சிறிது தேய்ந்ததும் பழைய கோளாறு திரும்பும். நடுவில் நிறுத்திய பின் தண்டைப் பார்க்குக்குக் கொண்டுபோய் அங்கும் ஒலி வருகிறதா என்று பாருங்கள். நியூட்ரலில் சரியாக இருந்து பார்க்கில் வரவில்லை என்றால், அமைப்பை மேலும் நகர்த்தாதீர்கள். உங்கள் மாடலுக்கு உரியதல்லாத சென்சார் வந்திருக்கலாம், அல்லது தண்டு பார்க் கோடி வரை போகாமல் இருக்கலாம்.

இறுக்கும்போது சென்சார் போல்ட்டோடு சேர்ந்து சற்றே திரும்பும் வழக்கம் உண்டு. ஒரு கையால் உடலை அழுத்திப் பிடித்து, போல்ட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கி, கடைசியில் நேர்கோட்டையோ கம்பியையோ மறுபடி சரிபார்க்க வேண்டும். இவை சிறு போல்ட்டுகள், அலுமினிய உடலில் இறங்குபவை. அதிக விசை கொடுத்தால் மரை அறுந்துவிடும். டொயோட்டாவின் பல மாடல்களில் இறுக்க விசை 5.4 நியூட்டன் மீட்டர், ஹோண்டாவின் பலவற்றில் 12. உங்கள் வண்டியின் சேவைக் கையேட்டில் உள்ள எண்ணை எடுத்து, குறித்த விசைக்கு மட்டும் இறுக்க உதவும் சிறிய டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். சிறு லீவரின் நட்டை இறுக்கும்போதும் லீவரை அசையாமல் பிடிக்கும் விதி பொருந்தும்.

கனெக்டரைச் சுத்தம் செய்து 'க்ளிக்' என்ற ஒலி கேட்கும்வரை அழுத்தி, வயர் கேபிளோடும் சூடான குழாய்களோடும் உரசாதபடி அதன் பழைய பிடிகளில் மாட்டுங்கள். கேபிளை இணைத்து, முன்பு செய்த நியூட்ரல் சோதனையை ஒருமுறை செய்த பின், கழற்றிய பாகங்களையும் பேட்டரியையும் பூட்டலாம். பேட்டரி துண்டிக்கப்பட்டதால் ரேடியோவின் ரகசிய எண்ணும் ஜன்னல்களின் தானியங்கி இயக்கமும் மறுபடி அமைக்க வேண்டியதாக இருக்கலாம்.

ஓட்டும் முன்

வண்டிக்கு முன்னும் பின்னும் ஆள் யாரும் இல்லாத திறந்த இடத்தில், பிரேக்கை முழுமையாக மிதித்து, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்துக்கொண்டு சோதியுங்கள். பார்க்கிலும் நியூட்ரலிலும் ஸ்டார்ட் ஆக வேண்டும். பிறகு எஞ்சினை நிறுத்தி, ரிவர்ஸிலும் டிரைவிலும் அதற்குக் கீழுள்ள நிலைகளிலும் ஸ்டார்ட் செய்ய முயன்று பாருங்கள். ஸ்டார்ட்டர் ஒரு நொடிகூடச் சுற்றக் கூடாது. பார்க்கில் ஸ்டார்ட் ஆகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வேலையை முடிப்பவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். டிரைவில் ஸ்டார்ட் ஆகும் வண்டி பாய்ந்துவிடும் என்பதால் உண்மையில் இதுதான் முக்கியமான பாதி. ரிவர்ஸ் விளக்கு ரிவர்ஸில் மட்டும் எரிகிறதா, டேஷ்போர்டு எழுத்தும் லீவரும் ஒவ்வொரு நிலையிலும் ஒத்துப்போகின்றனவா என்பதையும் பாருங்கள்.

அடுத்து, மிகச் சிறிய சரிவில் நிறுத்தி, பார்க்கில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, கால் பிரேக்கிலிருந்து காலை மெல்ல எடுங்கள். வண்டி விரற்கடை அளவு நகர்ந்து உறுதியாக நிற்க வேண்டும். உருண்டாலோ உள்ளே கடகடவென்று ஒலித்தாலோ பிரேக்கை மிதித்துவிட்டுக் கேபிள் அமைப்புக்கே திரும்ப வேண்டும்.

பழைய பிழைக் குறியீட்டை ஸ்கேனரால் அழித்து, எல்லா கியர்களும் மாறும்படி சிறிது தூரம் ஓட்டிய பின் மறுபடி படியுங்கள். புதிய சென்சார் சரியாக நிற்கும்போதும் பி0705 திரும்பி வந்தால், பழுது சென்சாரில் அல்ல, கனெக்டருக்கும் கணினிக்கும் இடையிலுள்ள வயரில் இருக்கக்கூடும். அதை ஒவ்வொரு கம்பியாக மீட்டரால் அளந்து தேட வேண்டும்.